விழித்திரைக் கிழிசலுக்கு லேசர்: மின்னல் தெரிந்த நாளிலிருந்து மூன்றாம் மாதம் வரை

கண் மருத்துவமனை ஒன்றின் லேசர் அறையில் பன்னிரண்டு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். சொட்டு மருந்து விடுவது, நோயாளியை உட்கார வைப்பது, தலையைப் பிடித்துக்கொள்வது, முடிந்தபின் கூட வந்தவர்களிடம் விளக்குவது என் வேலை. புதிதாக வருபவர்கள் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அதில் பாதிக்கு மேல் மருத்துவமனைக்கு வரும் முன்பே நடந்து முடிந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியை வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

1. லேசர் ஒரு தையல் என்று புரிந்துகொள்ளுங்கள்

விழித்திரை என்பது கண்ணின் உள்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய சவ்வு. நம் ஊரில் பலர் இதைக் 'கண் நரம்பு' என்றே சொல்வார்கள். ரவிக்கைத் துணிக்குப் பின்னால் லைனிங் இருப்பதுபோல இதற்குப் பின்னால் நிறமிப் படலம் ஒன்று இருக்கிறது. துணி லைனிங்கின்மேல் படிந்து கிடக்கும்வரைதான் இரண்டையும் சேர்த்துத் தைக்க முடியும்.

கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல், வயதாக ஆக நீர்த்துச் சுருங்குகிறது. பெரும்பாலும் ஐம்பதிலிருந்து எழுபது வயதுக்குள் அது விழித்திரையை விட்டுப் பிரிந்து வரும். கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்கு இன்னும் முன்பே நடக்கும். பலருக்கு இது சேதமின்றி முடிந்துவிடும். சிலருக்கு மட்டும், ஜெல் இறுகப் பற்றியிருந்த இடத்தில் விழித்திரையையும் சேர்த்து இழுத்து, குதிரை லாடம்போலக் கிழித்துவிடும். நீர்த்த ஜெல் அந்தக் கிழிசல் வழியே புகுந்து விழித்திரையைத் தூக்கினால் அதுதான் விழித்திரை விலகல்.

லேசர் செய்வது இவ்வளவுதான்: கிழிசலைச் சுற்றி மூன்று நான்கு வரிசையில் சின்னச் சின்னச் சூட்டுப் புள்ளிகள் வைக்கிறது. அவை ஆறித் தழும்பாகும்போது விழித்திரை நிறமிப் படலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கிழிசல் மூடுவதில்லை. அதன் வழியே நுழையும் நீர் தழும்பு வளையத்தைத் தாண்ட முடியாது, அதுதான் பலன்.

ஏற்கெனவே நீர் புகுந்து தூக்கிவிட்ட இடத்தில் லேசர் பிடிக்காது. பச்சை ஒளி முக்கியமாகச் சூடாக்குவது நிறமிப் படலத்தை. துணி லைனிங்கைத் தொடாமல் தொங்கும்போது ஊசி எதைத் தைக்கும்? "விலகிடுச்சாம், லேசர் வச்சு ஒட்டிடுங்க" என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கிழிசல் மட்டும் இருந்தால், அல்லது அதன் ஓரத்தில் கொஞ்சமே நீர் இருந்தால், லேசர் போதும். ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் சிறிய விலகலுக்குச் சில சமயம் வரப்பு கட்டுவதுபோல லேசர் வைத்து அணை போடுவார்கள். அதற்கு மேல் போனால் அறுவை சிகிச்சைதான். அதிலும் லேசருக்கு வேலை உண்டு, எட்டாம் படியில் சொல்கிறேன்.

2. வீட்டில்: எந்த அறிகுறிக்கு எவ்வளவு அவகாசம்

திடீரென்று கண்ணோரத்தில் மின்னல் வெட்டுவது. புதிதாகப் பூச்சி, கொசு, நூல், கரித்தூள் பறப்பது. ஒரு பக்கத்திலிருந்து கறுப்புத் திரை இறங்குவது அல்லது ஏறுவது. முதல் இரண்டில் எது வந்தாலும் அன்றே, முடியாவிட்டால் மறுநாளே விழித்திரை மருத்துவரிடம் காட்ட வேண்டும். திரை தெரிந்தால் அந்த நேரமே கிளம்ப வேண்டும்.

மின்னலும் பூச்சியும் வந்த எல்லோருக்கும் கிழிசல் இருக்காது. பத்துப் பேரைப் பார்த்தால் ஒருவர் அல்லது இருவருக்கு இருக்கும். அறிகுறியோடு வரும் லாடக் கிழிசலை அப்படியே விட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விலகலில் போய் முடியும். உரிய நேரத்தில் லேசர் வைத்தவர்களில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஒரே நாள் அலைச்சலுக்கு இவ்வளவு பெரிய பலன் கிடைக்கும் சிகிச்சைகள் அதிகமில்லை.

தடுமாறும் இடம் வலி. இதில் வலியே இருக்காது. கண் சிவக்காது, நீர் வடியாது. அதனால்தான் மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வெளியே விடும் எந்தச் சொட்டு மருந்தும் கிழிசலை ஒட்டாது. ஒருவர் மகள் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மின்னலைப் பார்த்திருக்கிறார். முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் முகம் பாதிதான் தெரிந்தது என்று எங்களிடம் சொன்னார். பத்து நிமிட லேசரில் முடிந்திருக்க வேண்டியது, அவருக்கு அறுவை சிகிச்சையும் எட்டு வாரப் படுக்கை ஒழுங்குமாக நீண்டது.

ஒரு கண்ணில் வரும் திரையை இன்னொரு கண் மறைத்துவிடும். அதனால் உள்ளங்கையால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண், என்றிலிருந்து, திரை எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணில் பிம்பம் தலைகீழாக விழுவதால், திரை கீழே தெரிந்தால் விலகல் மேலே இருக்கிறது என்று பொருள். மேல்பகுதி விலகலை ஈர்ப்பு விசையும் கீழே இழுப்பதால் அது வேகமாகப் பரவும். அந்தக் குறிப்பைப் போனிலேயே சொன்னால், எப்படிப் படுத்தபடி வர வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிடுவார்.

3. கிளம்பும் முன்

கண்ணாடிக் கடைக்கோ, கண்புரை முகாமுக்கோ போகாதீர்கள். அங்கே பார்வை அளப்பார்கள், விழித்திரையின் ஓரத்தைப் பார்க்க மாட்டார்கள். கிழிசல் வருவது பெரும்பாலும் ஓரத்தில்தான். போன் செய்து இரண்டே கேள்வி கேளுங்கள்: "ரெட்டினா டாக்டர் இன்னைக்கு இருக்காங்களா? லேசர் இன்னைக்கே பண்ணுவீங்களா?" சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் உண்டு. வெளியூர்க்காரர்கள் மாவட்ட அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் கேட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று தெரிந்துவிடும்.

மின்னலும் பூச்சியும் மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வழக்கம்போல் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் வந்து, மூன்று மணி நேரம் காத்திருந்து, லேசர் நாற்காலியில் தலைசுற்றி விழுந்தவர்களைப் பிடித்திருக்கிறேன். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் லேசருக்காக நீங்களாக நிறுத்த வேண்டியதில்லை. இங்கே எதையும் வெட்டுவதில்லை. திரை தெரிந்தவர்கள் மட்டும் சாப்பிடும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றே அறுவை சிகிச்சை நடக்கலாம், மயக்க மருந்து தேவைப்படலாம்.

பழைய கண்ணாடிச் சீட்டு, முன்பு செய்த கண் அறுவை சிகிச்சைக் காகிதங்கள், சாப்பிடும் மாத்திரைப் பட்டைகள், காப்பீட்டு அட்டை, ஆதார் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று போட வேண்டாம். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டபின் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கிட்டத்தில் மங்கலாகவும் வெயிலில் கூச்சமாகவும் இருக்கும். டூவீலர் ஓட்டி வந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

4. ஓ.பி. கவுண்டரில் சொல்லும் முதல் வாக்கியம்

இந்தப் படியில்தான் மணிக்கணக்கு வீணாகிறது. "கண்ணு மங்கலா இருக்குங்க" என்று சொன்னால் உங்களைப் பவர் பார்க்கும் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த வரிசை நீளமானது. "நேத்து ராத்திரியிலிருந்து திடீர்னு வலது கண்ணுல மின்னல் வெட்டுது, புதுசா பூச்சி பறக்குது" என்று சொல்லுங்கள். 'திடீர்', 'புதுசா' என்ற இரண்டு சொல்லும் முக்கியம். திரை தெரிந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். கவுண்டரில் இருப்பவர் சீட்டில் அவசரம் என்று எழுதுவது இதைக் கேட்டுத்தான்.

அடுத்து, "முன்னாடி கண்ணுல லேசர் பண்ணியிருக்கா?" என்று கேட்பார்கள். நான்கு வேறு சிகிச்சைகளை ஒரே பெயரால் சொல்கிறோம் என்பதால் இங்கே குழப்பம் வரும். கண்ணாடியை எடுப்பதற்குச் செய்யும் லேசிக், கருவிழியின்மேல் செய்வது. கண்புரை அறுவைக்குப் பின் லென்ஸ் பின்னால் படியும் படலத்தை விலக்குவது யாக் லேசர். சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரை முழுக்கப் பரவலாக வைப்பது இன்னொன்று. கிழிசலைச் சுற்றி வைப்பது நாலாவது. எதற்காகச் செய்தார்கள் என்று சொல்லிவிட்டால் போதும்.

லேசிக் செய்துகொண்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கண்ணாடி போனதும் கிட்டப்பார்வையே போய்விட்டது என்று நினைத்துவிடுகிறீர்கள். லேசிக் கருவிழியின் வளைவை மட்டுமே மாற்றுகிறது. நீண்டிருக்கும் கண், இழுபட்டு மெலிந்த விழித்திரை இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. அறுவைக்கு முன் மைனஸ் ஆறுக்கு மேல் இருந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். சீட்டில் 'பவர் இல்லை' என்று மட்டும் எழுதப்பட்டால் உங்கள் ஆபத்து யாருக்கும் தெரியாமல் போகும்.

5. பரிசோதனை

கண்மணி விரியும் சொட்டு மருந்தை இரண்டு மூன்று முறை விடுவார்கள். அரை மணி நேரமாவது ஆகும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் தாமதமாகும். கண்மணி முழுதாக விரியாமல் ஓரம் தெரியாது, அதனால் அவசரப்படுத்தாதீர்கள். இந்த மருந்து சிலருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும். இதய நோயோ கட்டுக்கடங்காத அழுத்தமோ இருந்தால் மருந்து விடும் முன் சொல்லுங்கள்.

மருத்துவர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் லென்ஸ் பிடித்து, உங்களைப் படுக்க வைத்துப் பார்ப்பார். ஒரு சிறு கருவியால் இமையின்மேல் அழுத்துவார். கண்ணின் கடைசி ஓரம் அப்போதுதான் எழும்பித் தெரியும். அழுத்தம் பொறுக்க முடியாததல்ல, ஆனால் பலர் கண்ணை இறுக மூடிவிடுகிறார்கள். வாயைக் கொஞ்சம் திறந்து மூச்சு விட்டால் இமை தானாகத் தளரும், இதை எல்லோருக்கும் சொல்கிறேன். உள்ளே ரத்தம் கசிந்து எதுவும் தெரியாவிட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். இரண்டு கண்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

6. லேசர் நாற்காலியில்

முதலில் நாற்காலியின் உயரம். சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் பாதித் தொல்லை இதிலிருந்துதான். இருக்கை தாழ்வாக இருந்தால் கழுத்தை எக்கி வைத்திருப்பீர்கள். ஐந்தாவது நிமிடம் கழுத்து வலித்து, நெற்றி பட்டையை விட்டுப் பின்னால் வந்துவிடும். மருத்துவரின் குறியும் நகர்ந்துவிடும். தாடை தாங்கியில் படிந்திருக்க வேண்டும், நெற்றி பட்டையில் பதிந்திருக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். வசதியாக இல்லையென்றால் தொடங்கும் முன்பே சொல்லுங்கள்.

மரத்துப்போகும் சொட்டு விடுவார்கள். பிறகு கோந்துபோல் ஜெல் தடவிய ஒரு லென்ஸைக் கண்ணின்மேல் வைப்பார்கள். இமை மூட முடியாது, மூடவும் தேவையில்லை. விளக்கை அணைத்தபின் பச்சை ஒளி பளிச் பளிச்சென்று வரும். பெரும்பாலான கருவிகளில் அது 532 நானோமீட்டர் அலைநீளம். கூடவே 'டக் டக்' என்று சத்தம் கேட்கும்.

மருத்துவர் 150, 200 மில்லிவாட்டில் தொடங்கி, புள்ளி சாம்பல் வெள்ளையாகப் பதியும்வரை கூட்டுவார். ஒவ்வொரு புள்ளியும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதிக வெள்ளையானால் சூடு மிஞ்சிவிட்டது, ரத்தம் கசியலாம். மங்கலாகவே இருந்தால் ஒட்டாது. அந்த நடுநிலையைத் தேடும் முதல் சில நிமிடங்களில் இடைவெளி விட்டு விட்டு அடிப்பார். கருவி பழுதோ என்று பயப்படாதீர்கள்.

ஆபத்தான அசைவு எது தெரியுமா? தலையாட்டுவது. ஒரு பாட்டி, அறுபத்தெட்டு வயது, வலதுகண் மேல் ஓரத்தில் கிழிசல். அசையாமல் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார். நடுவில் மருத்துவர் "வலிக்குதாம்மா?" என்று கேட்டதும், இல்லை என்பதற்கு நம் வழக்கப்படி தலையை இடமும் வலமும் ஆட்டினார். மருத்துவரின் கால் அதற்குள் பெடலை விட்டு எடுத்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து தொடங்கும் முன் எல்லோரிடமும் சொல்கிறேன்: "எது கேட்டாலும் வாயால மட்டும் 'ம்' சொல்லுங்க, தலையை அசைக்காதீங்க. இருமல் வந்தா, தும்மல் வந்தா கையைத் தூக்குங்க, டாக்டர் நிறுத்திடுவாங்க." இன்னொரு தவறு, பச்சை ஒளி வரும் திசையில் கண்ணைத் திருப்பிப் பார்ப்பது. சொன்ன இடத்தையே மற்றக் கண்ணால் பார்த்துக்கொண்டிருங்கள். நடுப்பார்வை இடத்தில் லேசர் படாமல் காப்பது அதுதான்.

பெரும்பாலும் லேசான சுருக் சுருக் மட்டும் இருக்கும். கடிகாரத்தில் மூன்று மணி, ஒன்பது மணி இருக்கும் இடங்களில் நரம்பு ஓடுவதால் அங்கே நன்றாகவே வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். சூட்டைக் குறைக்கலாம், தேவைப்பட்டால் கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போக வைக்கலாம். வலியில் கண் துள்ளினால்தான் வேலை கெடும்.

பாதியில் எழுப்பி, கட்டிலில் படுக்க வைத்து, தலையில் மாட்டிய லேசரால் தொடர்ந்தால் முதல் முறை தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். லாடக் கிழிசலின் முன்பக்க ஓரத்தை உட்கார்ந்த நிலையில் எட்டுவது கடினம். லேசர் வைத்தும் விலகல் வந்த பலருக்கு, அந்த முன்னோரம் விட்டுப்போனதே காரணமாக இருக்கும். பின்னால் நான்கு வரிசை தைத்துவிட்டு முன்னால் திறந்து வைத்தால் நீர் அந்த வழியே சுற்றிக்கொண்டு போகும். படுக்க வைத்து அழுத்திப் பிடித்தால் கடைசி விளிம்புவரை வைக்க முடியும். கூடுதலாக ஆகும் அந்தப் பத்து நிமிடத்துக்குச் சந்தோஷப்படுங்கள்.

7. முடிந்ததும், முதல் இரண்டு வாரமும்

இறங்கியவுடன் அந்தக் கண் இருட்டாக அல்லது ஊதா நிறமாகத் தெரியும். பளிச்சிட்ட ஒளியின் விளைவு இது, சற்று நேரத்தில் தெளியும். இரவில் மந்தமான வலி இருந்தால் மருத்துவர் சொன்ன சாதாரண வலி மாத்திரை போதும்.

வீட்டுக்குப் போகும் முன் மூன்று விஷயங்களைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்: கிழிசல் எத்தனை, கடிகாரத்தில் எந்த மணி இடத்தில், சுற்றி நீர் இருந்ததா. ஊர் போய் அங்கே வேறு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால், புதுக் கிழிசலா பழசா என்று அவர் இதை வைத்துத்தான் சொல்வார்.

லேசர் வைத்த அன்றே முழுதாக ஒட்டிவிடாது. ஓரளவு பிடிப்பு ஓரிரு நாளில் வந்தாலும், உறுதியான தழும்பாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் கவனம் வேண்டும். குலுங்கும் பயணம், ஓட்டம், பளு தூக்குவது, தலை குலுங்கும் விளையாட்டு எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். பேருந்தில் வந்தே ஆக வேண்டுமென்றால் கடைசி இருக்கையைத் தவிருங்கள்.

கூட வந்தவர்கள் கேட்பது வேறு. தலைக்குக் குளிக்கலாமா? வெட்டுக்காயம் இல்லை, மறுநாளே குளிக்கலாம், கண்ணைத் தேய்க்கக் கூடாது. டிவி, செல்போன் பார்க்கலாம். சமைக்கலாம். கத்தரிக்காய், மீன் என்று எதையும் ஒதுக்க வேண்டாம், பத்தியம் இல்லை.

பூச்சி போகவில்லையே என்று மூன்றாம் நாளே திரும்பி வருகிறார்கள். போகாது. லேசர் விழித்திரையில் வைத்தது, பூச்சியோ ஜெல்லில் மிதக்கிறது. நாளாக நாளாக அது கீழே இறங்கும், கண்ணும் பழகிக்கொள்ளும். மின்னலும் சில வாரம் வந்து போகலாம். ஆனால் பூச்சி திடீரென்று கூடினாலோ, கரித்தூள் கொட்டினதுபோல் ஆனாலோ, திரை தெரிந்தாலோ மறு தேதிக்குக் காத்திருக்காமல் வந்துவிடுங்கள்.

8. லேசர் மட்டும் போதாதபோது

நீர் அதிகம் புகுந்திருந்தால் முதலில் விழித்திரையைப் பழைய இடத்தில் படிய வைக்க வேண்டும். கண்ணின் வெளிச்சுவரில் சிலிகான் பட்டை வைத்து அழுத்தலாம், ஜெல்லை எடுத்துவிட்டு உள்ளே வாயு அல்லது சிலிகான் எண்ணெய் நிரப்பலாம். 'கேஸ் போட்டிருக்கு', 'ஆயில் போட்டிருக்கு' என்று வார்டில் பேசிக்கொள்வது இதைத்தான். துணி லைனிங்கின்மேல் படிந்தபின் லேசரால் அல்லது உறைய வைக்கும் முறையால் தைக்கிறார்கள். பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு முதல் அறுவையிலேயே ஒட்டிவிடும்.

நடுப்பார்வை இடம் இன்னும் விலகவில்லை என்று மருத்துவர் சொன்னால், 'நாளைக்கு வர்றோம்' என்று சொல்லவே சொல்லாதீர்கள். அந்த இடம் விலகும் முன் செய்தால் இருக்கும் பார்வையைக் காப்பாற்றலாம். விலகிய பின் செய்தால் விழித்திரை ஒட்டினாலும் எழுத்து பழையபடி தெளிவாகத் தெரியாமல் போகலாம். அப்போதும் ஒரு வாரத்துக்குள் செய்வது தாமதிப்பதைவிட மேல்.

வாயு வைத்தவர்கள் குப்புறப் படுப்பதோ ஒருக்களித்துப் படுப்பதோ, சொன்னபடியே இருக்க வேண்டும். குமிழி கிழிசலை அழுத்தும்வரைதான் பயன். அது முழுதாகக் கரையும்வரை விமானம் ஏறக் கூடாது, மலை ஏறவும் கூடாது. வாயு வகையைப் பொறுத்து இரண்டு வாரமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால் ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறையக் கண்ணுக்குள் குமிழி பெருத்து, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். நீலகிரி, கொடைக்கானல்காரர்கள் ஊர் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கீழே தங்க ஏற்பாடு வேண்டும், அல்லது எண்ணெய் வைக்கலாமா என்று மருத்துவர் யோசிப்பார். வேறு எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் கண்ணில் வாயு இருப்பதைச் சொல்ல வேண்டும்.

9. மறுபரிசோதனையும் மற்றக் கண்ணும்

ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் முதல் முறை, பிறகு ஒரு மாதம், மூன்று மாதம் என்று பெரும்பாலும் வரச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் கண்மணியை விரித்துத்தான் பார்க்க வேண்டும், துணை ஒவ்வொரு முறையும் வேண்டும். லேசர் வைத்த இடம் நன்றாக ஒட்டியிருந்தாலும், ஒரு முறை கிழிசல் வந்தவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பதினான்கு பேருக்குப் பின்னாளில் வேறு இடத்தில் புதுக் கிழிசல் வருகிறது. 'நல்லாத்தானே தெரியுது' என்று மூன்றாம் மாதம் வராமல் நின்றுவிடுபவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

நடுவில் வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. வாரம் ஒருமுறை மூடிய கதவுக்கு எதிரே உட்காருங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, தாழ்ப்பாளையே பாருங்கள். பார்வையை நகர்த்தாமல் கதவின் நான்கு மூலையும் தெரிகிறதா? பிறகு மற்றக் கண். போன வாரம் தெரிந்த மூலை இந்த வாரம் இருட்டாக இருந்தால், சீட்டை எடுத்துக்கொண்டு அன்றே கிளம்புங்கள்.